பென்வீரில் இறங்குபவர்கள் குறைவு

பிரான்சின் கிழக்கு ஓரத்தில், வோஜ் மலைக்கும் ரைன் ஆற்றுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கிறது அல்சாஸ். மேற்கிலிருந்து வரும் மேகங்கள் மலையின் அந்தப் பக்கத்திலேயே கொட்டித் தீர்த்துவிடுவதால் இந்தப் பக்கம் மழை குறைவு. கோல்மார் நகரம் பிரான்சிலேயே மிக வறண்ட ஊர்களில் ஒன்று. அந்த வறட்சிதான் திராட்சைக்குத் தோது. அடிவாரச் சரிவெங்கும் ரீஸ்லிங், கெவுர்ஸ்ட்ராமினர், பினோ கிரி என்று கொடிகள். நடுநடுவே, பத்து நிமிடம் நடந்தால் முடிந்துவிடும் சிற்றூர்கள். இந்த ஊர்களைக் கோத்தபடி சுமார் 170 கிலோமீட்டர் ஓடும் பாதைக்கு ‘ஒயின் சாலை’ என்று பெயர் வைத்து 1953 மே 30 அன்று திறந்தார்கள். இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து எட்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

அந்தச் சாலையில் எல்லாரும் இறங்கும் ஊர் ரிக்வீர். குடியிருப்பவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். கோடையிலும் கிறிஸ்துமஸ் சந்தை நாட்களிலும் அந்த ஆயிரம் பேரைக் கூட்டத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கல் பாவிய ஒற்றைக் கடைத்தெரு மெல்ல மேடேறுகிறது. அதன் தலைமாட்டில் 1291-இல் எழுப்பிய டோல்டர் கோபுரம் நிற்கிறது. மதிலுக்கு வெளியே நின்று பார்த்தால் முரட்டுக் கல். எதிரிக்குக் காட்டுவதற்கான முகம் அது. உள்ளே வந்து திரும்பிப் பார்த்தால் மாடிமாடியாக மரச்சட்டமும் சன்னலுமாக, யாரோ குடியிருக்கும் வீடு போல இருக்கிறது. வெளியாளுக்கு ஒரு முகம், வீட்டாருக்கு ஒரு முகம். இன்று வெளியாட்களான நாம் அத்தனை பேரும் உள்ளே நின்றுகொண்டு வீட்டாருக்கான முகத்தைப் படம் எடுக்கிறோம்.

கூட்டத்திலிருந்து சற்று ஒதுங்கி வாசல் வளைவுகளைப் பார்ப்பது நல்லது. நடுக்கல்லில் வளைந்த கவாத்துக் கத்தி செதுக்கியிருந்தால் அது திராட்சை விவசாயியின் வீடு. சுத்தியல் இருந்தால் பீப்பாய் செய்தவர் வீடு. பக்கத்தில் வீடு கட்டிய ஆண்டும் இருக்கும். அந்த ஆண்டுகளைப் படித்துக்கொண்டே போனால் ஒரு சங்கதி விளங்கும். வழிகாட்டிப் புத்தகங்கள் இதை இடைக்காலக் கிராமம் என்கின்றன. மதிலும் கோபுரமும் இடைக்காலத்தவைதாம். ஆனால் நாம் வாய்பிளந்து பார்க்கும் வீடுகளில் பெரும்பாலானவை பதினாறாம் நூற்றாண்டில், ஒயின் விற்ற காசில், அன்றைய புதுப்பணக்காரர்கள் கட்டியவை. கட்டிய காலத்தில் ஊர்ப் பெரியவர்கள் சிலர் அவற்றைப் பார்த்து முகம் சுளித்திருக்கவும் கூடும்!

அந்த வீடுகளின் எலும்புக்கூடு ஓக் மரம். சட்டங்களைத் தரையில் கிடத்தி இழைத்து, பொருத்து வாய்களில் அடையாளம் வெட்டிக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்துவார்கள். இடைவெளிகளில் கழிகளைச் செருகி, வைக்கோல் கலந்து பிசைந்த களிமண்ணை அப்பி, மேலே சுண்ணாம்பு பூசுவார்கள். நம் ஊர் மண்சுவருக்கு அது தூரத்துச் சொந்தம். இந்த வகை வீட்டில் ஒரு சட்டம் உளுத்துப்போனால் அதை மட்டும் உருவிவிட்டு வேறொன்று வைக்கலாம். வீட்டையே பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் வேறிடத்தில் நிறுத்தியதும் உண்டு. பின்னாளில் மரம் வெளியே தெரிவது பட்டிக்காட்டுத்தனம் என்று பல இடங்களில் மேலே காரை பூசி மறைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் அந்தக் காரையைச் சுரண்டிவிட்டு மறுபடி மரத்தைக் காட்டினார்கள். ஆக, ‘காலம் உறைந்து நிற்கும் ஊர்’ என்று சுற்றுலா விளம்பரம் சொல்லும்போது எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. இந்தச் சுவர்கள் உறைந்து நின்றிருந்தால் எப்போதோ சரிந்து மண்ணாகியிருக்கும்.

எதனால் இத்தனை மிஞ்சியது? முதல் காரணம் அழகில்லாதது: வறுமை. முப்பதாண்டுப் போரில் (1618–1648) ரிக்வீர் முற்றுகைக்கும் கொள்ளைக்கும் ஆளானது. வட்டாரம் முழுவதும் ஆள் குறைந்து, தோட்டங்கள் புதர் மண்டின. அதற்குப் பின் ஊர் பழைய செழிப்பை எட்ட வெகுகாலம் ஆயிற்று. 1840-களில் ஸ்ட்ராஸ்பர்க்கையும் பாசலையும் இணைத்த ரயில் பாதை சமவெளியோடு போய்விட்டது. ஆலைகளும் புதுக் கட்டடங்களும் அந்தப் பக்கமே போயின. பணம் இருந்திருந்தால் ரிக்வீர்க்காரர்களும் எல்லாரையும் போல இடித்துக் கட்டியிருப்பார்கள். இன்று நாம் ரசிப்பதில் பாதி, அன்று அவர்களால் செய்ய முடியாமல் போனதுதான்.

இரண்டாவது காரணம் அதைவிடக் கசப்பானது: அதிர்ஷ்டம். ரிக்வீரிலிருந்து கிழக்கே இறங்கினால் நான்கைந்து கிலோமீட்டருக்குள் மிட்டெல்வீர், பென்வீர், சிகோல்சைம், தெற்கே தள்ளி அமெர்ஷ்வீர். எல்லாம் அதே மண், அதே கொடி. இவையும் ரிக்வீருக்குச் சளைக்காத பழைய ஊர்கள்தாம். 1944 கடைசியில் கோல்மாரைச் சுற்றி ஜெர்மன் படை பிடிவாதமாக நிலைகொண்டது. பிரெஞ்சு, அமெரிக்கப் படைகள் அதை உடைக்க 1945 பிப்ரவரி 9 வரை ஆயிற்று. அந்த டிசம்பரில் பீரங்கிகள் இந்த ஊர்களை அரைத்துத் தள்ளிவிட்டன. பென்வீரில் அநேகமாக எதுவுமே மிஞ்சவில்லை. ரிக்வீர் தப்பித்தது. அதற்குத் தனிப் பெருமை ஏதும் கிடையாது. குண்டு விழுந்த இடம் அடுத்த ஊராகிவிட்டது, அவ்வளவுதான்.

மிட்டெல்வீரில் ஒரு சுவர் இருக்கிறது. நாஜிகள் அல்சாஸைத் தங்கள் நாட்டோடு சேர்த்துக்கொண்டு, பிரெஞ்சு மொழியையும், தலையில் பெரே தொப்பி வைப்பதையும்கூடத் தடை செய்திருந்த நாட்களில், ஊர்க்காரர்கள் அந்தச் சுவரில் நீலம், வெள்ளை, சிவப்பு நிறப் பூக்களாகப் பார்த்து வளர்த்தார்கள். பிரெஞ்சுக் கொடியின் நிறங்கள். ஊர் தரைமட்டமானபோது அந்தச் சுவர் நின்றது. இன்று இந்த வட்டாரத்தில் சன்னல்தோறும் ஜெரேனியம் தொங்குகிறது. கேமராவுக்கு நல்ல விருந்து. பூந்தொட்டி வைப்பதற்கு நெஞ்சுரம் வேண்டியிருந்த காலம் ஒன்று இங்கே இருந்தது என்பது தெரிந்தால் அந்தப் பூக்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

எல்லைகள் இந்த மக்களை அப்படி ஆட்டிவைத்தன. ஒயின் சாலையின் இன்னொரு அழகுராணி கைசர்ஸ்பெர்க். ஆப்பிரிக்காவில் மருத்துவமனை நடத்தி 1952-ஆம் ஆண்டுக்கான அமைதி நோபலைப் பெற்ற ஆல்பர்ட் ஷ்வைட்சர் 1875-இல் அங்கேதான் பிறந்தார். 1871 போரில் அல்சாஸ் கைமாறிவிட்டதால் பிறக்கும்போதே ஜெர்மன் பிரஜை. முதல் உலகப் போரில் அந்தக் காரணத்துக்காகவே பிரான்ஸ் அவரைப் பிடித்து முகாமில் அடைத்தது. போருக்குப் பின் அதே பிரான்சின் குடிமகன் ஆனார். இரண்டாம் போரில் நாஜிகள் அல்சாஸ், மொசெல் பகுதிகளிலிருந்து சுமார் 1,30,000 பேரைக் கட்டாயமாகத் தங்கள் ராணுவத்தில் சேர்த்தார்கள். அண்ணன் ஒரு சீருடையிலும் தம்பி ஒரு சீருடையிலும் போன வீடுகள், இன்று நாம் ‘எவ்வளவு அழகு’ என்று நிமிர்ந்து பார்க்கும் அதே மரச்சட்ட வீடுகள்தாம். அஞ்சலட்டையில் பார்க்கும் அல்சாஸ் கிராமத்துக்கும் இதில் பங்குண்டு. நாரை, கூம்புக்கூரை, கறுப்பு நாடா கட்டிய சிறுமி என்று அந்தச் சித்திரத்தை உலகெங்கும் பரப்பியவர் கோல்மாரில் பிறந்த ஓவியர் ஹான்சி. ஜெர்மன் ஆட்சியைக் கிண்டல் செய்து வரைந்ததற்காக 1914-இல் லைப்சிக் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதிக்க, அவர் பிரான்சுக்குத் தப்பினார். நமக்கு இனிப்பாகத் தெரியும் அந்தப் படம் பிறந்தபோது அரசாங்கத்துக்கு எரிச்சலூட்டிய படம்.

நாரை என்றேனே, அதற்கும் ஒரு கதை உண்டு. கூரைதோறும் கூடு கட்டும் செங்கால் நாரைதான் அல்சாஸின் அடையாளம். 1974-இல் அல்சாஸ் முழுவதும் மிஞ்சியிருந்தவை ஒன்பது ஜோடிகள். சதுப்பு நிலம் வற்றியது, மின்கம்பி, ஆப்பிரிக்கா வரை போய்வரும் வழியில் வேட்டை என்று பல காரணங்கள். 1976-இல் ரிக்வீருக்குப் பக்கத்து ஊரான ஹுனவீரில் நாரை வளர்க்க ஒரு மையம் தொடங்கினார்கள். குஞ்சுகளை மூன்று ஆண்டுகள் கூண்டிலேயே வைத்திருந்தால் வலசை போகும் உந்துதல் அடங்கிவிடும் என்று கண்டு, அப்படியே வளர்த்து வெளியே விட்டார்கள். ஒன்பது ஜோடிகள் பல நூறாகப் பெருகின. ‘அந்தக் காலத்திலிருந்தே இருக்கிறது’ என்று நாம் நினைக்கும் பறவையை, ஒரு தலைமுறை மனிதர்கள் உட்கார்ந்து திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

கொடிகளின் கதையும் இதேதான். ஃபில்லாக்செரா என்ற வேர்ப்பூச்சி பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களைச் சூறையாடிய பிறகு, அந்தப் பூச்சிக்கு மசியாத அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டித்தான் அங்கே திராட்சை வளர்க்கிறார்கள். ரீஸ்லிங் பழம் உள்ளூர். அதன் வேர் கடல் தாண்டி வந்தது. கொடியும் பல தலைமுறை தாங்காது. கிழடு தட்டியதும் பிடுங்கிவிட்டு வேறு நடுகிறார்கள். வீட்டுச் சட்டம் மாறுகிறது, கொடி மாறுகிறது, பறவை மாறுகிறது, நாட்டின் பெயரே பலமுறை மாறியிருக்கிறது. இதில் பழையது எது?

எனக்குத் தெரிந்து ஒன்றுதான். பனிக்காலத்தில், ஒரு பயணியும் வராத மாதங்களில், விறைத்த விரல்களோடு ஒவ்வொரு கொடியாகக் குனிந்து கவாத்து செய்கிறார்களே, அந்த வேலை. போன வருஷத்துக் கிளைகளில் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, ஒன்றிரண்டை மட்டும் விட்டுக் கம்பியில் வளைத்துக் கட்ட வேண்டும். எதை விடுவது என்று கொடிக்குக் கொடி கண்ணால் பார்த்து முடிவெடுக்க வேண்டும். ரிக்வீரின் வாசல்கல்லில் செதுக்கிய கத்தி அதற்கானதுதான். கத்தி மாறிக் கத்திரி வந்தது, இப்போது பாட்டரியில் ஓடும் கத்திரி. பழைமை என்று நாம் காசு கொடுத்துப் பார்க்கப் போவது சுவரில் இல்லை, இந்த விடாத கையில் இருக்கிறது.

பென்வீர் அதற்குச் சாட்சி. வீடில்லை, நிலவறை இல்லை, பீப்பாய் இல்லை, தோட்டத்தில் கண்ணிவெடி. இருந்தும் திரும்பி வந்தார்கள். தனித்தனியே நிலவறை கட்ட வழியில்லாதவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து ஒயின் செய்தார்கள். வெடிகளை அகற்றி, குழிகளைத் தூர்த்து, கொடி நட்டார்கள். நேரான தெருவும் சாதாரணச் சுவரும் 1950-களின் புதுத் தேவாலயமுமாக ஊர் எழுந்தது. படம் எடுக்க அங்கே அதிகம் ஒன்றுமில்லைதான். ஆனால் அங்கே குனிந்து கவாத்து செய்பவருக்கும் ரிக்வீரில் செய்பவருக்கும் தொழிலின் வயது ஒன்றுதான். ஒருவருக்குக் கொள்ளுத்தாத்தாவின் வீடு மிஞ்சியது, இன்னொருவருக்கு வேலை மட்டும் மிஞ்சியது.

ஒயின் சாலையில் போக வாய்ப்புக் கிடைப்பவர்கள் ரிக்வீரைப் பாருங்கள், எகிசைமின் வட்டத் தெருக்களைச் சுற்றுங்கள். அழகை அழகு என்று சொல்லத் தயங்க வேண்டாம். அதே நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பென்வீரிலும் இறங்குங்கள். சிகோல்சைமுக்கு மேலே உள்ள குன்றிலும் ஏறுங்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்த பிரெஞ்சுப் படை வீரர்கள் 1,500-க்கும் மேற்பட்டோர் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். மொரோக்கோவிலிருந்தும் அல்ஜீரியாவிலிருந்தும் வந்து, ஒயின் குடிக்காமலே இந்தத் திராட்சைத் தோட்டங்களுக்காக உயிரைவிட்ட முஸ்லிம்கள் அவர்களில் நிறையப் பேர்.