மணி உருள, மனம் உலவ

ஜபமாலையில் 108 மணிகள். விரல் மாலையின் தலைமணியான மேருவைத் தொடும்போதுதான், பாதி மாலைக்கு மனம் அங்கே இல்லை என்பது பலருக்கும் உறைக்கிறது. உதடு மந்திரத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது, விரலும் மணியைத் தள்ளிக்கொண்டுதான் இருந்தது. மனம் மட்டும் வாங்கிய கடனையோ வரப்போகும் கல்யாணத்தையோ பார்க்கப் போய்விட்டது. ஜபம் செய்கிறவர்கள் இதைத் தோல்வி என்றே எடுத்துக்கொள்கிறார்கள். தமக்கு மனம் குவியாது என்று தீர்ப்பெழுதி, மாலையைப் பூஜை அலமாரியில் மாட்டிவிடுகிறவர்களும் உண்டு. ஆனால் தோல்வி என்று சொல்ல வேண்டுமானால், செய்ய முடிந்த ஒன்றைச் செய்யாமல் விட்டிருக்க வேண்டும். மனம் நழுவும் கணத்தில் அதைத் தடுக்க அங்கே யாரும் விழித்திருக்கவில்லை. விழித்திருந்தால் அது நழுவியே இருக்காது.

இந்த வாதத்தை இன்னும் ஓரடி நீட்டினால் சற்றுச் சங்கடமான இடத்துக்கு வந்து சேர்வோம். 'ஐயோ, எங்கோ போய்விட்டேனே' என்று தெரியவரும் கணமும் நாம் தீர்மானித்து வருவதில்லை. கவனிக்க வேண்டும் என்று முடிவெடுப்பதற்கு முன்பே ஒருவர் திரும்பி வந்திருக்க வேண்டுமல்லவா? 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தியானப் பழக்கமுள்ள 14 பேரை மூளையைப் படமெடுக்கும் கருவிக்குள் படுக்கவைத்து, மனம் அலைந்தது தெரிந்தவுடன் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அலைதல், தெரியவருதல், திருப்புதல், நிலைத்தல் என்று ஒரு சுற்று. ஒவ்வொரு கட்டத்திலும் மூளையில் வெவ்வேறு பகுதிகள் மேலோங்கின. அவர்கள் கவனித்தது மூச்சை, மந்திரத்தை அல்ல, ஆட்களும் குறைவு. அதனால் இதைச் சான்று என்பதைவிடச் சாட்சி என்பதே பொருத்தம். பழகியவர்களுக்கும் மனம் அலைகிறது என்பதற்கான சாட்சி. கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் 26ஆம் சுலோகம் இதே சுற்றைத்தான் பேசுகிறது. மனத்தைப் போகவிடாதே என்று அது கட்டளையிடவில்லை. எங்கெங்கே போகிறதோ அங்கங்கேயிருந்து மீட்டுக்கொண்டு வா என்கிறது. போவதை ஏற்றுக்கொண்டுதான் பேச்சே தொடங்குகிறது. சில சுலோகங்கள் தள்ளி, மனம் காற்றைப் போல அடங்காதது என்று அர்ஜுனன் முறையிடும்போது, கண்ணன் மறுக்காமல் முதலில் ஆமோதித்துவிட்டே பழக்கத்தையும் பற்றின்மையையும் வழியாகச் சொல்கிறான்.

ஆக, நழுவுவதும் நம் கையில் இல்லை, தெரியவருவதும் இல்லை. தெரியவந்த அடுத்த கணத்தில் என்ன செய்கிறோம் என்பது மட்டும் நம்முடையது. அங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். மனத்தைத் திட்டுவதும், இனி போகக்கூடாது என்று பல்லைக் கடிப்பதும் இன்னொரு அலைச்சலே. இந்த முறை விஷயம் கடன் அல்ல, தன்மேல் உள்ள கோபம். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்ற கதை நம்மூரில் எல்லோருக்கும் தெரியும். 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடியை வைத்து அதைச் சோதித்தார். நினைக்காதே என்று முதலில் தடுக்கப்பட்டவர்களுக்கு, தடை நீங்கிய பிறகு கரடி கூடுதலாகவே வந்தது. விரட்டப்பட்ட நினைவுக்குத்தான் வழி நன்றாகத் தெரிகிறது.

இது சோம்பலுக்குச் சொல்லும் சமாதானம் இல்லையா என்று கேட்கலாம். பதஞ்சலியே சித்தம் சிதறுவதைத் தடை என்றுதானே சொல்கிறார்? சொல்கிறார். யோக சூத்திரம் அடுக்கும் ஒன்பது தடைகளில் முதலில் நிற்பது நோய். காய்ச்சலில் படுத்தவரை யாரும் குற்றவாளி என்று வைவதில்லை, மருந்து தருகிறோம். தடை வேறு, குற்றம் வேறு. எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு கேள்வி வரும். மகனைக் கூப்பிடுவதாக நினைத்து 'நாராயணா' என்ற அஜாமிளனுக்கே நற்கதி கிடைத்ததென்று பாகவதம் சொல்கிறதே, கவனம் எதற்கு? அந்தக் கதை பேசுவது நாமத்தின் அருளை. அதோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் மனத்தைப் பழக்க உட்கார்ந்தவர் அதைக் காட்டி மனத்தை மேயவிட்டால், தன் கணக்கை அருளின் தலையில் எழுதுகிறார் என்றே பொருள்.

தெரியவருவது நம் கையில் இல்லையென்றால் பயிற்சி எதற்கு என்பதே இவற்றில் கடினமான கேள்வி. தூக்கத்தை யாராலும் இழுத்து வர முடியாது. பாயை விரிக்கலாம், விளக்கை அணைக்கலாம். மந்திரம் அப்படி விரித்த பாய். ஒரே ஒலி திரும்பத் திரும்ப வருவதால், அதிலிருந்து விலகியது சற்றுச் சீக்கிரம் தெரிகிறது. இங்கே மரபின் தரவரிசையை மக்கள் அவசரமாகப் படித்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். வாய்விட்டுச் சொல்வதைவிட முணுமுணுப்பதும், அதைவிட மனத்துக்குள் சொல்வதும் உயர்ந்தவை என்று மனுஸ்மிருதி கூறுவதைக் கேட்டு, முதல் நாளே மானச ஜபத்தில் இறங்குகிறார்கள். நாக்கு நின்றால் காது காட்டிக்கொடுக்கும். மனத்துக்குள் ஓடும் மந்திரம் நின்றால் காட்டிக்கொடுக்க யார் இருக்கிறார்கள்? உயர்ந்த படி என்பதற்காக அதுவே முதல் படியாகிவிடாது.

நாக்கும் உண்மையில் முழுச் சாட்சி அல்ல. பழகிவிட்டால் அதுவும் தானாக ஓடும். மந்திர ஜபத்திலேயே ஊறிய காவ்யகண்ட கணபதி முனிவர் 1907இல் திருவண்ணாமலையில் ரமணரிடம் தவம் என்பது என்ன என்று கேட்டபோது, இன்னும் இத்தனை லட்சம் உருப்போடு என்ற பதில் வரவில்லை. மந்திரத்தைச் சொல்லும்போது அதன் ஒலி எங்கிருந்து எழுகிறது என்று கவனிக்கச் சொன்னார் ரமணர். அப்படிக் கவனிக்கிறவருக்கு ஓர் உருவுக்கும் அடுத்த உருவுக்கும் நடுவில் இருக்கும் சின்ன மௌனமும் ஜபத்துக்குள் வந்துவிடுகிறது. மனம் வழக்கமாக வெளியே நழுவுவது அந்த இடுக்கு வழியாகத்தான்.