"அங்கே என்ன சனம்?"



வீடு வாங்குவது நம்மில் அநேகருக்கு வாழ்நாளில் ஒருமுறை செய்கிற காரியம். பெண்பிள்ளை உள்ள வீட்டில் அது நாளைக்குச் சீதனமாகவும் போகும். ஆகவே தாயும் தகப்பனும் பல நாள் யோசிக்கிறார்கள். யாழ்ப்பாண நகரில் வீடு தேடுகிற ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தை மனதில் வைத்துக்கொள்வோம். தரகர் இரண்டு வீடுகளைக் காட்டியிருக்கிறார். ஒன்று குருநகரில்; மற்றது திருநெல்வேலியில்.

குருநகர் வீட்டில் இருந்தால் புனித யாகப்பர் ஆலய மணியோசை கேட்கும். காலைப் பூசைக்கு நடந்து போகலாம். புனித பத்திரிசியார் கல்லூரி தூரமில்லை. கடற்காற்றும் உண்டு. ஆனால் வளவு சிறிது, ஒழுங்கை ஒடுக்கம், கிணற்றுத் தண்ணீர் உவர். திருநெல்வேலி வீடோ இரண்டு பரப்பு வளவில் மாவும் பலாவும் நிற்க, நல்ல தண்ணீர்க் கிணற்றோடு இருக்கிறது. மரக்கறிச் சந்தை பக்கத்தில். 1974இல் தொடங்கிய பல்கலைக்கழக வளாகமும் அருகில். ஆனால் பழகிய பங்குக் கோவிலை விட்டுத் தூரம் போகவேண்டும். விலையும் கையைக் கடிக்கிறது.

இவற்றையெல்லாம் உரத்த குரலில் பேசுகிறோம். ஒரு கேள்வியை மட்டும் குரலைத் தாழ்த்திக் கேட்கிறோம். "அங்கே என்ன சனம்?" தரகரும் குரலைத் தாழ்த்தியே பதில் சொல்கிறார். கேட்டவருக்கும் சொன்னவருக்கும் பொருள் விளங்கும். குருநகரில் பிறந்து வளர்ந்த வாசகருக்கும் நன்றாக விளங்கும். அந்தக் கேள்வி தம்மைப் பற்றிக் கேட்கப்படுவதை அவர் சிறுவயது முதல் அறிவார்.

அயலைப் பற்றி விசாரிப்பதே பாவமா? அப்படிச் சொல்லமாட்டேன். பிள்ளைகளோடு குடியேறப் போகிறவர், ஒழுங்கை முடக்கில் இரவில் குடித்துச் சண்டை பிடிப்பார்களா, பெண்பிள்ளை மாலை வகுப்பு முடிந்து பயமில்லாமல் வரலாமா என்று கேட்கத்தான் வேண்டும். அது அயலாரின் நடத்தையைப் பற்றிய கேள்வி. ஆனால் நாம் தாழ்ந்த குரலில் கேட்பது அவர்களுடைய நடத்தையை அல்ல, பிறப்பை. முதலாவது விவேகம். இரண்டாவது, ஞானஸ்நானம் பெற்ற ஒருவன் வாயில் வரக்கூடாத கேள்வி. இரண்டுக்கும் ஒரே சொற்கள் இருப்பதால், விவேகத்தின் போர்வைக்குள் பாவம் சுகமாக ஒளிந்துகொள்கிறது.

வேதாகமத்தில் இரண்டு நிலங்களை ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றைத் தெரிந்தெடுத்தவர் லோத்து. ஆதியாகமம் 13ஆம் அதிகாரத்தில், பெரியவராகிய ஆபிரகாம் அவருக்கே முதல் தெரிவைக் கொடுக்கிறார். லோத்து கண்களை உயர்த்தி, தண்ணீர் வளமுள்ள யோர்தான் சமவெளியைக் கண்டு, சோதோமை நோக்கிக் கூடாரம் அடித்தார். பிறகு நடந்தது நமக்குத் தெரியும். "பார்த்தீர்களா, அயலை விசாரிக்காததன் பலன்!" என்று நீங்கள் சொல்லலாம். சரி, சோதோமின் குற்றம் என்ன? எசேக்கியேல் தீர்க்கதரிசி 16ஆம் அதிகாரத்தில் அதன் குற்றங்களைச் சொல்லும்போது, செருக்கையும் உணவு நிறைவையும் கவலையற்ற வாழ்வையும் சொல்லி, ஏழை எளியவருக்குக் கை கொடுக்காததையும் சேர்த்துச் சொல்கிறார். ஆகவே நாம் பயப்படவேண்டிய அயல் எது? உயர்ந்த மதிலும் பூட்டிய படலையும் உள்ள அயலாகவும் அது இருக்கலாம் அல்லவா?

விற்பவரும் இதே கேள்வியைக் கேட்கிறார். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் வைத்த தேசவழமையின்படி, காணியை விற்கமுன் உரித்தாளருக்கும் பங்காளருக்கும், அதை ஈடுபிடித்திருக்கிற பக்கத்துக் காணிக்காரருக்கும் அறிவிக்கவேண்டும். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அந்த உரிமையைக் கூட்டுச் சொந்தக்காரருக்கும் உரித்தாளருக்கும் மட்டும் என்று சுருக்கியது. சட்டத்திலிருந்து அயலவர் போய்விட்டார், ஒழுங்கையிலிருந்து போகவில்லை. "அவைக்கு மட்டும் எழுதிப் போடாதையுங்கோ" என்று காணிக்காரரிடம் வந்து சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். காசு குறையாமல் வைத்தும் உறுதி முடிக்க முடியாமல் திரும்பிப் போன குடும்பத்தின் மனவேதனைக்கு யார் கணக்குக் கொடுப்பது?

நிலத்தின் அடியில் நடப்பதையும் பாருங்கள். நமது குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, உவர்நீரின் மேல் நன்னீராகத் தங்குகிறது. ஒருவர் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடுத்தவர் கிணறும் உவர்க்கும். ஒரு வளவின் மலசலகூடக் குழி அடுத்த வளவின் கிணற்றைக் கெடுக்கும். மதில் எவ்வளவு உயர்ந்தாலும் தண்ணீருக்கு வேலி இல்லை. மேலே பிரிந்து நிற்கிற நம்மை ஆண்டவர் கீழே ஒன்றாகத்தான் வைத்திருக்கிறார்.

1995 ஒக்டோபர் 30ஆந் திகதியை நம் மூத்தவர்கள் மறக்கமாட்டார்கள். குருநகரும் திருநெல்வேலியும் ஒரே தெருவில், ஒரே மழையில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தன. நல்ல அயல், கூடாத அயல் எல்லாம் பூட்டிய வீடுகளாய்ப் பின்னால் கிடந்தன. தென்மராட்சியில் முன்பின் தெரியாதவர்கள் தங்கள் விறாந்தையைத் திறந்துவிட்டார்கள். அன்றும் கிணற்று வாளியைத் தொடவிடாதவர்கள் சிலர் இருந்தார்கள் என்பதையும் மறைக்கக்கூடாது. இரு கூட்டத்தாரும் அயலவரே. எந்தக் கூட்டத்தாரை நாம் நன்றியோடு நினைக்கிறோம்?

ஆகவே, உவர்த் தண்ணீர் உள்ள வீட்டைத்தான் வாங்கவேண்டும், அதுவே புண்ணியம் என்று நான் சொல்லவரவில்லை. தண்ணீர், தூரம், விலை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் நியாயமான காரணங்கள். இரண்டு வீடுகளின் நன்மை தீமைகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். எழுத வெட்கப்படுகிற காரணம் ஒன்று இருந்தால், அதை நீக்கிவிட்டு மறுபடியும் ஒப்பிடுங்கள். அயலை விசாரிக்க விரும்பினால், "இந்த ஒழுங்கையில் செத்தவீடு நடந்தால் யார் யார் வருவார்கள்?" என்று ஒரு வயோதிபத் தாயைக் கேளுங்கள். அந்த ஒரு பதிலிலேயே அயலின் குணம் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. திருநெல்வேலியில் படலைக்கு வெளியே நிற்கிற சைவ அயலவரும் உங்களைக் கண்டு, "வருகிறவை என்ன சனம்? வேதக்காரரோ?" என்று கேட்கக்கூடும். "எனக்கு அயலான் யார்?" என்று வேதசாஸ்திரி கேட்டபோது, நம் ஆண்டவர் சமாரியனின் கதையைச் சொல்லி, அடிபட்டவனுக்கு அயலானாய் நடந்தவன் யார் என்று கேள்வியையே திருப்பிவிட்டார். நல்ல அயலைத் தேடுகிற நாம், போகிற இடத்துக்கு நல்ல அயலாய்ப் போகிறோமா?

வீடு வாங்கியதும் பங்குத் தந்தையை அழைத்து மந்திரிப்பீர்கள். அறை அறையாகத் தீர்த்தம் தெளிக்கப்படும். அன்றைக்கு உறவினருக்கு மட்டும் பந்தி வைக்காமல், ஒழுங்கையின் இரு பக்கத்து வீடுகளுக்கும் நீங்களே போய்ச் சொல்லுங்கள். வருகிறவர் எல்லோருக்கும் ஒரே கிளாசில், ஒரே கிணற்றுத் தண்ணீரைக் கொடுங்கள். அந்த வீட்டின் ஆசீர்வாதம் அங்கே தொடங்கும்.