என்ன புத்தகம் வாசிக்கிறீர்கள்?

நம்மவர் இருவர் சந்தித்துக்கொண்டால் ஸலாம் முடிந்ததும் முதலில் வருவது வியாபாரம் எப்படி என்ற கேள்வி. அடுத்தது ஊரில் மழை உண்டா என்பது. இவ்விரண்டுக்கும் கூச்சமின்றிப் பதில் சொல்லிவிடுகிறோம். கடை மந்தமென்றால் மந்தம் என்கிறோம். ஆனால், "இப்போது என்ன புத்தகம் வாசிக்கிறீர்கள்?" என்று யாராவது கேட்டுவிட்டால் மாத்திரம் பலருக்கு நாக்கு ஒரு கணம் தடுமாறுகிறது. ஒன்றும் வாசிக்கவில்லை என்று சொல்ல வெட்கம். வாசிக்கிறேன் என்றால் பெருமைக்குச் சொல்வதாக எண்ணுவார்களோ என்ற அச்சம். இதற்கு நடுவில், தொட்ட புத்தகத்தை முடித்துவிட்டதாகச் சொல்லிவிடும் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. அந்த வழியைப் பற்றித்தான் இன்று எழுத உத்தேசித்தோம். ஏனெனில், அதில் இடறி விழுந்தவர்களில் நாமும் ஒருவர்.

மூட்டையின் வாயில் ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, அடிவரை இதே சரக்குத்தான் என்று அடித்துச் சொல்லி விற்பவனை நாம் என்ன சொல்வோம்? குறையை மறைத்து விற்கக் கூடாதென்பது நம்முள் சிறு பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். பத்துப் பக்கம் பார்த்துவிட்டு ஒரு நூலை முழுதும் வாசித்ததாகச் சொல்வதும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதானா? அது எப்படி ஆகும் என்று சிலர் கேட்கலாம். இதில் கைமாறிய பணம் எங்கே? ஏமாந்தவர் யார்? வெறும் பேச்சுத்தானே! நாமும் வெகு காலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ப. சிங்காரம் எழுதிய 'கடலுக்கு அப்பால்' என்ற நாவல் நம் கைக்கு வந்தது. சிங்காரம் 1938ல் தம் பதினெட்டாம் வயதில் மேடானுக்குப் பிழைக்கப் போனவர்; கடை வேலை இன்னதென்று அறிந்தவர். 1959ல் வெளிவந்த அந்நூலின் கதை, யுத்த காலத்தில் நம் பினாங்கிலேயே நடக்கிறது. வட்டிக்கடை, பேரேடு, முதலாளிக்கும் அடுத்தாளுக்கும் உள்ள உறவு, எல்லாம் நமக்குப் பழகிய வாடை. பாதி கூட ஆகவில்லை. அதற்குள் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து தேநீருக்கு உட்கார்ந்த இடத்தில் பிரமாதமாகப் புகழ்ந்துவிட்டோம். "வியாபாரிகள் அவசியம் வாசிக்க வேண்டியது. நேற்றிரவுதான் முடித்தோம்" என்றும் சொன்னோம். அந்தக் கடைசி வாக்கியத்துக்கு ஒரு தேவையும் இருக்கவில்லை. வாயில் தானாக வந்தது.

அங்கிருந்தவர்களில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் மூத்த நண்பர் ஒருவர் சென்னைக்கு எழுதிப் புத்தகத்தை வரவழைத்தார். பத்திரிகை தவிர வேறொன்றும் வாசித்தறியாதவர். கடை மூடிய பின் தினமும் சில பக்கங்களாக ஒரு மாதத்தில் முடித்தார். பிறகு ஒரு நாள் நம்மைத் தேடி வந்து, "தம்பி, அந்த முதலாளி கடைசியில் செய்தது நியாயமா? நீங்கள் நாலும் படித்தவர், சொல்லுங்கள்" என்று கேட்டார். நமக்கோ அந்த முதலாளி கடைசியில் என்ன செய்தார் என்பதே தெரியாது. "பெரியவர்கள் ஒன்று செய்தால் காரணம் இல்லாமலா செய்வார்கள், நானா?" என்றோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுத் தலையை அசைத்தார். எழுந்து போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து அவர் மகளுக்கு உறவுக்காரப் பையனோடு நிக்காஹ் நடந்தது. நாமும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் கடையைப் பதினொரு வருஷம் தன் கடைபோல் பார்த்துவந்த இளைஞர், அதற்கு முந்தின வாரமே கணக்கை ஒப்படைத்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டதாகப் பேசிக்கொண்டார்கள். அதன் பிறகுதான், ஒரு தூக்கம் வராத இரவில், நாவலின் மிச்சத்தை வாசித்தோம். வயிரமுத்துப் பிள்ளை தம் மகள் மரகதத்தைத் தாம் வளர்த்து ஆளாக்கிய செல்லையாவுக்குக் கொடுக்க மறுத்துவிடுகிறார். பட்டாளத்துக்குப் போய்த் துப்பாக்கி பிடித்தவன் கடைக்கு உதவமாட்டான் என்பது அவர் எண்ணம். அப்போதுதான் நண்பர் நம்மிடம் எந்தக் கேள்வியைக் கொண்டுவந்தார் என்பது விளங்கியது. தம் வீட்டு விஷயத்தை நேராகப் பேச முடியாத மனிதர், ஒரு கதையின் மறைவில் நின்று பேச வந்திருக்கிறார்.

நாம் வேறு பதில் சொல்லியிருந்தால் காரியம் மாறியிருக்கும் என்று சொல்ல வரவில்லை. அவர் முன்னமே முடிவு செய்திருக்கலாம். செய்த முடிவு சரியாகவும் இருக்கலாம். பிறர் வீட்டுச் சம்பந்தத்துக்கு நாம் நீதிபதியல்ல. ஆனால் அவர் நிறுத்துப் பார்க்க வந்தார். நாம் வைத்தது பொய்யான எடைக்கல். ஆகவே, பணம் கைமாறாத இடத்தில் மோசடி இல்லை என்ற வாதம் நம்மளவில் அன்றோடு போயிற்று.

அப்படியானால் வாய் திறவாமல் இருப்பதே உத்தமம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். பிறர் மெச்ச வேண்டிச் செய்யும் காரியம் பாழ் என்பதால், வாசிப்பை மறைத்துக்கொள்வதே பேணுதல் என்பது அவர்கள் கட்சி. இதை நம்மால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தோப்பில் முஹம்மது மீரான் திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்துகொண்டே நாவல் எழுதினார். 'சாய்வு நாற்காலி'க்கு 1997ல் சாகித்திய அகாடமி பரிசு கிடைத்தது. வற்றல் விலை நமக்குத் தெரிந்திருந்தது; இது தெரிந்திருக்கவில்லை. மளிகைச் சரக்கு வாங்கப் போன இடத்தில் கல்லாவில் இருந்தவர் சொல்லித்தான் தெரிந்தது. அவர் பெருமைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தால் நஷ்டம் யாருக்கு? பஞ்ச காலத்தில் அரிசியைப் பதுக்குபவனைத் திட்டுகிறோம். நல்ல நூலைத் தன்னோடு வைத்துக்கொள்பவனை அடக்கமானவன் என்கிறோம்!

இன்னொன்றையும் கவனித்தோம். அந்த மளிகைக்காரர் பேசும்போது, "இந்த இடத்தில் பேச்சு எனக்குப் புரியவில்லை, இரண்டு தரம் திருப்பி வாசித்தேன்" என்று சொன்னார். வீண் பெருமைக்காரன் வாயிலிருந்து இந்தச் சொல் வராது.

முன் காலத்தில் இந்தத் தொல்லை குறைவாக இருந்ததற்குக் காரணம் உண்டு. ஒருவர் சீறாப்புராணத்தை ராகத்தோடு படிக்க, ஒருவர் பொருள் சொல்ல, ஊரே கூடிக் கேட்டது. நேற்று எந்தப் படலத்தில் நிறுத்தினார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். கேட்காததைக் கேட்டதாக யாரும் சொல்லிக்கொள்ள முடியாது. இப்போதோ ஆளுக்கொரு புத்தகம், தனித் தனி அறை. கைப்பேசியில் அட்டைப் படத்தை அனுப்பிவிட்டால் வாசித்தாகிவிட்டது என்று கணக்கு.

இமாம் கஸ்ஸாலி அவர்கள் ஜுர்ஜானில் பாடம் கேட்டுத் திரும்புகையில் வழிப்பறிக்காரர் மூட்டையைப் பறித்த வரலாறு சொல்லப்படுகிறது. உள்ளே இருப்பவை நான் கற்றவை, அவற்றையாவது கொடுத்துவிடுங்கள் என்று மன்றாடினாராம். பறித்துவிட்டால் போய்விடுகிற கல்வி என்ன கல்வி என்று கொள்ளைத் தலைவன் சிரித்துவிட்டுக் கொடுத்தானாம். அதன்பின் மூன்று ஆண்டுகள் அக்குறிப்புகளை மனத்தில் பதிக்கச் செலவிட்டார்கள் என்பது வரலாறு. நம் வீட்டு அலமாரிக்கு அந்தக் கள்வன் வந்தால் என்ன மிஞ்சும் என்று ஒரு நாள் எண்ணிப் பார்த்தோம். அதிகமில்லை.

நம் நண்பரிடம் போய் உண்மையைச் சொன்னோம். சொல்ல ஒரு வருஷம் ஆயிற்று. அவர் கோபிக்கவில்லை. "நீங்கள் முடித்தவர் என்றுதானே தம்பி நான் கேட்டேன்" என்றார். அவ்வளவுதான். அதைவிட ஏசியிருக்கலாம்.

ஆகையால் இப்போது நம் இருப்பு இது: 'கடலுக்கு அப்பால்' முடிந்தது, இரண்டு முறை. சீறாப்புராணத்தின் 5027 பாடல்களில் விலாதத்துக் காண்டத்தையே இன்னும் தாண்டவில்லை. உரையில்லாமல் ஓர் அடி நகர முடிவதில்லை. வரிச் சட்டம் பற்றிய நூல் ஒன்று மூன்றாம் அத்தியாயத்தோடு நின்றுவிட்டது. தொடரும் எண்ணமும் இல்லை. 'சாய்வு நாற்காலி'யில் சரியாகப் பாதி. முஸ்தபாக்கண்ணு பரம்பரைச் சொத்தை விற்றுத் தின்றுகொண்டிருக்கிறார். தென் திருவிதாங்கூர்ப் பேச்சு நம்மை மெதுவாகத்தான் விடுகிறது. சென்ற வாரம் ஜவுளிக்கடை நண்பர் அந்தப் புத்தகத்தை நம் மேசையில் பார்த்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார். பாதியில் இருக்கிறோம் நானா, முடிவு தெரியாது என்றோம். சரி, முடித்ததும் சொல்லுங்கள், அதுவரை காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார்.