மாக்கோழியும் உண்டிவில்லும்

கவட்டையாகப் பிரிந்த மரக்கிளையின் இரு கொம்புகளிலும் ரப்பர் பட்டைகளைக் கட்டி, அவற்றின் மறுமுனைகளைக் கல் வைப்பதற்கான ஒரு தோல்துண்டில் இணைத்துச் செய்யப்படும் உண்டிவில், திண்டுக்கல் சமவெளியின் ஊர்களில் சிறுவர்களின் கைப்பொருளாக நெடுங்காலம் இருந்துவந்திருக்கிறது. கயிற்றின் நடுவே கல்லை ஏற்றித் தலைக்குமேல் சுழற்றி விடுக்கும் கவண் இதனின் வேறானது; தினைப்புனத்தில் பரண்மீதிருந்து வள்ளி பறவைகளை ஓட்டியதாகப் புராணம் கூறுவது அந்தப் பழங்கருவியால்தான். உண்டிவில்லோ ரப்பரைக் கந்தகத்துடன் சூடேற்றி உறுதியாக்கும் முறையைச் சார்ல்ஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்த பிறகே தோன்றியிருக்கக்கூடிய புதிய கருவி. பறவையை விரட்டுவதற்கோ வீழ்த்துவதற்கோ ஏற்பட்ட இத்தகைய ஒன்றைப் பெரியவர் ஒருவர் ஓய்வுநேரத்தில் பொறுமையுடன் செதுக்கி, எவ்வுயிரையும் நாடாமல், கயிற்றில் தொங்கும் தகரக் குவளையைக் குறிபார்த்து எய்துகொண்டிருந்தால், அவர் அறத்தின் எல்லைக்குள் நிற்கிறாரா என்பது சிறிய வினாவாகத் தோன்றலாம். ஆயினும் கொல்லாமையைப் பற்றித் தமிழகத்தில் நடந்த ஆழ்ந்த சிந்தனை முழுவதும் இந்த வினாவிற்குள் வந்து சேர்கிறது.

அச்சிந்தனைக்குத் திண்டுக்கல் நிலப்பகுதியிலேயே தடயம் உண்டு. பழனி வட்டத்தில் பாப்பம்பட்டிக்கு அருகிலுள்ள ஐவர்மலையில் தீர்த்தங்கரர் உருவங்கள் பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. தீர்த்தங்கரர் என்போர் சமணம் போற்றும் இருபத்துநான்கு அருகர்கள். அங்குள்ள இரண்டாம் வரகுண பாண்டியனின் கல்வெட்டு சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870, என்னும் காலக்குறிப்பைத் தாங்கி, சாந்திவீரக் குரவர் என்னும் சமண ஆசிரியர் பார்சுவநாதர் திருவுருவத்தைப் புதுப்பித்த செய்தியைக் கூறுகிறது. இத்தகைய ஆசிரியர்களின் மரபு துறவிகளுக்கு மட்டுமன்றி இல்லறத்தாருக்கும் நோன்புகளை வகுத்தது. அவற்றுள் ஒன்றான அனர்த்த தண்ட விரதம் பொழுதுபோக்கு என்னும் செயலின்மீதே நேராக விழுகிறது. அனர்த்தம் என்பது பயனற்றது, தண்டம் என்பது ஊறு. எனவே பயனின்றி ஊறு விளைக்கும் செயல்களை விலக்குவது இந்நோன்பு. உழவனும் சமைப்பவனும் வேறு வழியின்றிச் செய்யும் ஊறு ஒருபுறமிருக்க, யாருக்கும் தேவைப்படாமல் செய்யப்படும் ஊறு சிறிதாயினும் தனியே எண்ணப்பட வேண்டும் என்பது இதன் உட்கோள்.

சமந்தபத்திரர் வடமொழியில் இயற்றிய இரத்தினகரண்டகமும், அதனைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இந்நோன்பை விளக்குகின்றன. வடமொழி நூல் கூறும் ஐந்து வகைகளில் பிரமாதசரியை என்பது கவனமின்றி நடத்தல். வீணாக நிலத்தைத் தோண்டுவதும், நீரையும் நெருப்பையும் அலைப்பதும், மரஞ்செடிகளை வெட்டுவதும் அதில் அடங்கும். ஆகவே முதல் கல் எய்யப்படுவதற்கு முன்பே, கவட்டைக்காகக் கிளையை வெட்டும் கணத்திலேயே, சமணரின் வினா எழுந்துவிடுகிறது. திண்டுக்கல் வட்டாரம் இதற்குத் தன் வேளாண்மையிலேயே ஒரு விடை வைத்திருக்கிறது. பழனிக்கு அருகிலுள்ள ஆயக்குடி கொய்யாவுக்குப் பெயர்பெற்ற ஊர். கொய்யாவைக் கவாத்து செய்வது, அதாவது புதுத்தளிரும் காயும் பெருகும்படி கிளைகளை நறுக்கிவிடுவது, தோட்டக்காரரின் வழக்கமான பணி. அவ்வாறு கழிந்த கிளைகளில் நல்ல கவட்டைகள் கிடைக்கும்போது உயிருள்ள மரத்தை இதற்கென வெட்ட வேண்டியதில்லை. இயற்கையாகப் பிரிந்த கவட்டையில் மரத்தின் நார்கள் அடியிலிருந்து இரு கொம்புகளுக்குள்ளும் தொடர்ந்து ஓடுவதால் அது இழுவையைத் தாங்குகிறது. பலகையில் அறுத்தெடுத்த வடிவத்திலோ கொம்பின் குறுக்கே நார் அறுபட்டு, அங்கேயே முறியும் வாய்ப்பு மிகுகிறது. பச்சைக் கிளையை வெயிலில் போட்டால் முனைகள் வெடிக்குமாதலால் அதை நிழலில் மெல்ல உலரவிட வேண்டும். கல் வைக்கும் தோலும் வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. தோல் பதனிடும் தொழில் திண்டுக்கல்லின் பழந்தொழில்களில் ஒன்று. அந்தத் தோலும் ஓர் உயிரிலிருந்து வந்தது என்பதைச் சமணர் மறக்க மாட்டார் என்பதும் உண்மையே.

கருவியைக் கடந்து செயலுக்கு வந்தால், வினையின் எடை உடலிலா உள்ளத்திலா என்னும் பழைய வழக்கு குறுக்கிடுகிறது. பாலி மொழியிலுள்ள மச்சிம நிகாயத்தின் உபாலி சுத்தத்தில், நிகண்டர்கள், அதாவது சமணர்கள், உடலால் செய்யும் வினையே கொடியது என்று கூறுவதாகவும், புத்தர் மனவினையையே முதன்மையாக வைப்பதாகவும் ஒரு வாதம் இடம்பெறுகிறது. இது பௌத்தர் எழுதிய பதிவு என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். ஏனெனில் தமிழ்ச் சமணத்தின் யசோதர காவியம் உள்ளத்தின் வினையைப் பௌத்தருக்குக் குறையாத கடுமையுடன் எடையிடுகிறது. அரசன் யசோதரன் உயிருள்ள கோழியைப் பலியிட மனமின்றி, தாய் சந்திரமதியின் சொற்படி மாவினால் செய்த கோழியைத் தேவியின் முன் வெட்டுகிறான். ஓர் உயிரும் சாகவில்லை, எனினும் அக்கணத்தில் கொலையை உள்ளத்தில் நிகழ்த்தியதனால் மகன் மயிலாகவும் தாய் நாயாகவும் தொடங்கிப் பல விலங்குப் பிறவிகளில் துன்புறுகின்றனர்.

இதற்கு நேர்மாறான சான்று சைவத்தில் கிடைக்கிறது. சாக்கிய நாயனார் பௌத்தக் கோலத்தை நீக்காமலே சிவனிடம் அன்பு கொண்டு, இலிங்கத்தின்மீது நாள்தோறும் ஒரு கல்லை எறிந்த பின்னரே உண்டவர். சுந்தரரின் திருத்தொண்டத்தொகை அவரைக் கல்லெறிந்த அடியாராகவே போற்றுகிறது, சேக்கிழார் அவ்வரலாற்றை விரித்துரைக்கிறார். ஒருவருக்குக் கல் பூவாயிற்று, இன்னொருவருக்கு மாவுருண்டை உயிராயிற்று. குவளையைக் குவளையாகவே கண்டு எய்பவருக்கும், அதன்மீது மைனாவின் படத்தை ஒட்டி அதன் கண்ணைக் குறிவைத்து மகிழ்பவருக்கும் கை ஒரே வகையில் இயங்கினாலும், யசோதர காவியத்தின் அளவுகோலில் அவர்கள் ஒருவரல்லர். இரண்டாமவர் செய்வதைப் பாவனை என்று தள்ளிவிட அக்காவியம் இடந்தரவில்லை. இடந்தராதது சரியே என்று தோன்றுகிறது, ஏனெனில் விருப்பம் பழகும் இடம் பாவனைதான்.

ஆனால் உள்ளம் தூய்மையாக இருந்தால் போதும் என்று இங்கேயே நிறுத்துவது பெரும்பிழை. குறிபார்த்தலின் புகழைப் பாடுவோர் அனைவரும் துரோணர் வைத்த தேர்வை நினைவூட்டுவர்: மரத்தில் வைக்கப்பட்ட செயற்கைப் பறவையைக் குறிபார்க்கும்போது என்ன தெரிகிறது என்ற வினாவிற்கு, மரமும் ஆசிரியரும் உடன்பிறந்தாரும் தெரிகின்றனர் என்றவர்கள் விலக்கப்பட, பறவையின் தலை மட்டுமே தெரிகிறது என்ற அருச்சுனன் வென்றான். ஒருமுகப்பட்ட மனத்தின் இலக்கணமாக இது போற்றப்படுவதில் வியப்பில்லை. எனினும் வேடசந்தூரின் ஒரு தெருவிலோ நிலக்கோட்டையின் ஒரு கொல்லையிலோ உண்டிவில்லை இழுத்துப் பிடித்திருப்பவருக்கு அருச்சுனனின் விடை ஆபத்தானது. குறிக்குப் பின்னால் சுவருண்டா சந்துண்டா, சந்தில் யாரேனும் வருகின்றனரா, மேலே கிளையில் எது அமர்ந்திருக்கிறது என்பனவற்றையெல்லாம் கண்டவரே எய்யத் தக்கவர். தோல்வியுற்ற மாணவர்கள் கண்டதையே அவர் காண வேண்டும். ஒருமுகம் வேறு, கவனம் வேறு. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்குத் தரும் வரையறை இவ்விடத்தில் கூர்மையானது: கவனமற்ற இயக்கத்தால் உயிருக்கு ஊறு நேர்வதே இம்சை என்கிறது அது. கொல்லும் விருப்பம் இல்லை என்று சொல்லித் தப்பிக்க அந்த வரையறையில் வழியில்லை.

கவனம் என்பது உண்டிவில்லைப் பொறுத்தவரை மிகத் தெளிவான பணிகளாகப் பிரிகிறது. வெயிலும் காற்றும் பட்ட ரப்பரில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். அதை ஒவ்வொரு முறையும் இழுத்துப் பார்க்காமல் எய்தால் அறுந்த பட்டை எய்பவரின் கண்ணையே தாக்கும். கெட்டியான தகரத்திலோ மரத்திலோ பட்ட கோலிக்குண்டு எதிர்பாராத திசையில் தெறித்துத் திரும்பும் என்பதால், குறிக்குப் பின்னே தளர்வாகத் தொங்கும் கனத்த துணி வேண்டும். பொறுக்கிய கல்லின் ஒழுங்கற்ற வடிவம் அதன் பாதையைக் கோணலாக்குவதால், உருட்டிக் காயவைத்த களிமண் உருண்டை குறிக்கும் நல்லது, பட்ட இடத்தில் பெரும்பாலும் பொடியாகிவிடுவதால் பிறருக்கும் நல்லது. இவற்றைக் கைத்திறன் குறிப்புகளாக மட்டும் படிப்போர் உண்டு. சமண நூல்களின் நோக்கில் இவையே நோன்பின் உடல்.

எஞ்சியிருப்பது கடினமான பகுதி. அனர்த்த தண்டத்தின் மற்றொரு வகை இம்சாதானம், அதாவது ஊறு செய்யும் கருவிகளைப் பிறருக்குக் கொடுத்தல். சமந்தபத்திரர் இதற்குத் தரும் பட்டியலில் வாள் மட்டுமன்றி மண்வெட்டியும் நெருப்பும் இருப்பதால், கொலைக்கருவி என்ற பெயரில்லாதவையும் விலக்கிலிருந்து தப்பவில்லை. அழகாகச் செதுக்கிய ஒன்றைப் பிறருக்குப் பரிசளிக்கும் ஆசை எந்தக் கைவினைஞருக்கும் இயல்பானது. ஆனால் தன் உள்ளத்தை அறிந்தவர் பெறுபவரின் உள்ளத்தை அறியார். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குள் கொல்வதோடு காயப்படுத்துவதையும் அதற்கான முயற்சியையும் சேர்த்திருப்பதால், பாதுகாக்கப்பட்ட பறவையின்மீது சிறுவன் எய்து தவறிய கல்லும் அதன் பார்வைக்கு உட்பட்டதே. வேட்டைக்குச் சட்டம் தரும் அந்த வரையறை எய்தவரையே நோக்குகிறது. யசோதர காவியமோ வாளை ஏந்தாத சந்திரமதியையும், வெட்டச் சொல்லி வழிகாட்டியமைக்காக, மகனுடன் பிறவிதோறும் அலையவிடுகிறது. அந்தக் காவியத்தை ஏற்பவருக்கு உண்டிவில்லை யாருக்கும் கொடுக்கவே கூடாது என்று முடிவு செய்ய உரிமையுண்டு. அவ்வளவு தூரம் செல்லாதவருக்கும் ஒரு கடமை குறையாமல் நிற்கிறது: பக்கத்து வீட்டுச் சிறுவனுக்கு அதைக் கொடுப்பவர், எய்யக் கற்கும் நாள்களில் அவன் அருகிலேயே நின்று, குறியைக் காட்டுவதற்கு முன் குறிக்குப் பின்னால் இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பெயர்சொல்லிக் காட்ட வேண்டும், அதற்கு நேரமில்லாதவர் கொடுக்காமலிருப்பதே தகும்.