ஜன்னல் சட்டத்தில் ஒரு துளை

கார்த்திகை 9

மார்கழி பிறப்பதற்குள் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். கெடு வைத்தது வீட்டுக்காரர் அல்ல, பஞ்சாங்கம். மார்கழியில் யாரும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். 38 வருடம் குடியிருந்த வாடகை வீடு. பரணிலிருந்து ஆரம்பித்தேன்.

முதலில் கைக்கு வந்தது அப்பாவின் டிரான்சிஸ்டர். தோலுறை வெடித்திருந்தது. பின்மூடியைக் கழற்றினால், பேட்டரிக் கட்டை கசிந்து ஸ்பிரிங்கின் மேல் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. யாரோ கடைசியாகக் கேட்டுவிட்டு, நாளைக்கும் கேட்போம் என்ற நினைப்பில் கட்டையை எடுக்காமலே மூடியிருக்கிறார்கள்.

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீனும் பிராட்டைனும் ஒரு ஜெர்மானியத் துண்டின் மேல் இரண்டு தங்க முனைகளை மிக நெருக்கமாக அழுத்தி வைத்து, பேச்சொலியைப் பெருக்கிக் காட்டினார்கள். அவர்களுக்கும் அதே ஆய்வுக்கூடத்தின் ஷாக்லிக்கும் சேர்த்து 1956இல் நோபல் பரிசு. டிரான்சிஸ்டர் என்பது அந்தச் சின்ன உறுப்பின் பெயர். நம் ஊரில் பெட்டிக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. தாத்தா வீட்டு வால்வு ரேடியோ தன் ஸ்டாண்டை விட்டு நகர்ந்ததில்லை. போட்டதும் பாடாது, வால்வு சூடேறும்வரை அதன் முன்னால் உட்கார்ந்திருப்போம். டிரான்சிஸ்டரோ அப்பாவோடு கொல்லைக்கும் மொட்டைமாடிக்கும் போய்வந்தது.

வாங்கிய நாள் அம்மாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. பொங்கல் கழிந்த மறுவாரம், திருச்சி பெரிய கடைவீதியில். எப்போது நின்றுபோனது என்று கேட்டேன்.

“அது நிக்கலையேடா. நாமதான் போடலை” என்றாள்.

கார்த்திகை 11

அம்மாவின் டிரங்குப் பெட்டி. பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு தந்தி. படிவத்தின் மேல் பட்டை பட்டையாக ஒட்டிய தாளில் ஆங்கிலத்தில் ஐந்தே சொல்: மேல் சைல்ட் பார்ன் போத் வெல். சொல்லுக்குக் காசு என்பதால் தாத்தா அதற்கு மேல் எழுதவில்லை. அந்தக் குழந்தை நான்தான். “தந்தி!” என்ற குரல் வாசலில் கேட்டதுமே, பிரித்துப் படிக்கும் முன்பே, அப்பாவைப் பெற்ற பாட்டி மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாளாம். தந்தி என்றால் சாவு என்றுதான் அவளுக்குப் பழக்கம்.

இந்தியாவின் முதல் தந்திக் கம்பி 1850இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே சோதனையாகப் போடப்பட்டது. போட்டவர் ஓஷாக்னெஸி, தொழிலால் மருத்துவர். கடைசித் தந்திகளை வாங்கிக்கொண்டது 2013 ஜூலை 14. அன்று தந்தி அலுவலகங்களில் கூட்டம். பலர் முன்பின் தந்தி அடித்தறியாதவர்கள், ஞாபகத்துக்காக வந்தவர்கள்.

எங்கள் வீட்டுக்குக் கடைசித் தந்தி என்றைக்கு வந்தது என்று அம்மாவும் நானும் வெகுநேரம் பேசினோம். பிடிபடவில்லை.

கார்த்திகை 14

ஷூ பெட்டி நிறைய கேசட். 1963இல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட அதே வடிவம்; நாலு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலத்தில் நாடா. அப்பா மஸ்கட்டில் இருந்த வருடங்களில் கடிதத்துக்குப் பதில் பேசி அனுப்புவார். ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்துவிடுவார். ஒரு பக்கம் அம்மாவுக்கு, மறுபக்கம் எங்களுக்கு.

கேசட்டின் முதுகில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்னக் காதுகள் இருக்கும். உடைத்துவிட்டால் ரெக்கார்டு பட்டன் இறங்காது. பதிந்தது பதிந்தபடி இருக்கும். வேண்டாத பாட்டுக்கெல்லாம் உடைத்திருக்கிறேன். அப்பாவின் கேசட்டில் இரண்டு காதும் முழுசாக இருக்கின்றன. அதன் மேல் சினிமாப் பாட்டு பிடித்துவைத்தவனும் நானே. அப்போது அவர் ஊருக்கே திரும்பிவிட்டார். குரல் தினமும் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசிப் பாட்டு முடிந்த பிறகு, நாடா தீரும் முன் அவருடைய இருமல் ஒன்றும் “கரண்ட் பில் கட்டியாச்சா?” என்ற கேள்வியும் மிஞ்சியிருக்கும். போட்டுக் கேட்க வீட்டில் பிளேயர் இல்லை. பேனாவை விட்டு நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிவைத்தேன்.

கார்த்திகை 17

சாமான் குறையக் குறையச் சுவர் தெரிகிறது. கூடத்து மூலையில் தொலைபேசி இணைப்புப் பெட்டி. போன் வந்த அன்று அதற்கென்று ஒரு முக்காலி வாங்கினோம்; அம்மா குரோஷா விரிப்பு பின்னினாள். 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு டெல்லியில் இருந்த மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமை அழைத்ததுதான் நாட்டின் முதல் செல்போன் அழைப்பு. அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த செல்போன்களுக்குச் சுவரில் ஆணியும் கிடையாது, முக்காலியும் கிடையாது. மேசை இழுப்பறையில் எந்தப் போனுக்கும் சேராத ஒன்பது சார்ஜர்கள் இருக்கின்றன.

ஜன்னல் சட்டத்தில் விரல் நுழையும் துளை ஒன்று; ஆன்டெனா ஒயர் உள்ளே வந்த வழி. சென்னையில் 1975 ஆகஸ்ட் 15லேயே தொலைக்காட்சி நிலையம் வந்துவிட்டது. எங்களுக்கோ மாடியில் அப்பா ஆன்டெனா கம்பத்தைத் திருப்பினால்தான் படம். தென்கிழக்கே திருப்பினால் இலங்கையின் ரூபவாஹினி, தென்மேற்கே திருப்பினால் கொடைக்கானல் ஒளிபரப்பு. நான் ஜன்னலில் நின்று, “புள்ளி புள்ளியா தெரியுதுப்பா” என்று கத்துவேன்.

புத்தகங்களில் மைல்கல் என்று குறித்திருப்பதெல்லாம் ஒன்று வந்த நாள். வீட்டிலும் அப்படித்தான்: சந்தனம் குங்குமம் வைத்து, பக்கத்து வீட்டுக்கெல்லாம் இனிப்பு கொடுத்து வரவேற்றிருக்கிறோம். போகும்போது எதுவும் சொல்லிக்கொண்டு போகவில்லை. ஒருநாள் போடவில்லை, மறுநாளும் போடவில்லை, அவ்வளவுதான். இந்த வீட்டுக்காவது கிளம்பும் நாள் என்று ஒன்று குறித்திருக்கிறோம் என்பதில் சின்ன ஆறுதல்.

கார்த்திகை 20

காலையில் உப்பும் பருப்பும் மஞ்சளும் சாமி படமும் குடத்துத் தண்ணீரும் அம்மாவோடு ஆட்டோவில் முன்னால் போயின. கேசட் பெட்டியை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். டிரான்சிஸ்டரைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. ஸ்பிரிங்கைத் துடைத்து, புதுக் கட்டை போடாமல் துணிப் பொட்டலத்தில் செருகினேன். மற்றதெல்லாம் குட்டி யானையில் இரண்டு நடை.

வெறும் கூடத்தில் கடைசியாக ஒரு சுற்று வந்தேன். அடுத்த வாரம் பெயின்டர் வந்து பட்டி பார்த்து, ஓட்டைகளையெல்லாம் அடைத்துவிடுவார். ஜன்னல் துளையில் சாரல் வராமலிருக்க என்றோ திணித்த துணியை உருவினேன். டிவிக்கு அம்மா தைத்துப் போட்டிருந்த பூப்போட்ட உறையின் துண்டு. துளை வழியாக ஈரக் காற்று வந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது.

துணியை மறுபடி மடித்துத் துளையில் திணித்துவிட்டுப் பூட்டைத் தேடினேன்.