கருவியும் சான்றும்: ஒரு பழைய படைவண்டி எழுப்பும் வினா

பழம்பொருள் ஒன்றில், அது செய்யப்பட்ட காலத்தில் இல்லாத உறுப்பொன்றைப் பிற்காலத்தார் தம் தேவைக்காகச் சேர்ப்பது முறையாகுமா என்னும் வினா, கோயில் திருப்பணியை ஒட்டித் தமிழகத்தில் நெடுங்காலமாகப் பேசப்படுவதே எனினும், ஓர் இயந்திரத்தை முன்வைத்து ஆராயும்போது அதன் முடிச்சுகள் இன்னும் தெளிவாகப் புலப்படுகின்றன. ஜெர்மனியின் மான் நிறுவனத்திடம் உரிமம் பெற்று 1959 முதல் ஜபல்பூரில் செய்யப்பட்டு, பல பத்தாண்டுகள் இந்தியப் படைக்குச் சுமைதாங்கியாக இருந்த சக்திமான் லாரியை எடுத்துக்கொள்ளலாம். அதனைப் புதுப்பித்து ஓட்டுபவர் கேபினுக்குள் புதிதாக ஒரு ஹீட்டரைப் பொருத்தினால், அது பழைய சக்திமானாகவே நிற்குமா?

எஞ்சினைச் சுற்றிச் சூடேறிய நீரின் ஒரு பகுதியை ரப்பர் ஹோஸ் வழியே கேபினுக்குள் உள்ள சிறு ரேடியேட்டருக்குக் கொண்டுவந்து, விசிறியால் அந்த வெப்பத்தை ஓட்டுநரின் கால்மாட்டிலும் முன்கண்ணாடியிலும் வீசச் செய்து, ஆறிய நீரை வாட்டர் பம்புக்கே திருப்பி அனுப்புவது இத்தகைய ஹீட்டரின் வேலை. ஹோஸ், கிளாம்ப், நீரை அடைக்கும் வால்வு, படைவண்டிகளில் பரவலாக உள்ள 24 வோல்ட் மின்னமைப்புக்கு ஏற்ற விசிறி மோட்டார் ஆகிய எல்லாவற்றையும் பின்னர் கழற்றிவிடலாம். கழற்ற இயலாதவை, எஞ்சினுக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள தகட்டில் ஹோஸ் நுழைவதற்காகப் போடப்படும் இரண்டு துளைகளே. வினாவின் கூர்மை முழுவதும் அந்தத் துளைகளில்தான் இருக்கிறது.

இந்திய மெய்யியலில் வண்டி புதிய உவமை அன்று. மிலிந்த பஞ்ஹா என்னும் பாலி நூலில் நாகசேனர் என்னும் பௌத்தத் துறவி கிரேக்க மன்னன் மிலிந்தனிடம், சக்கரமோ அச்சோ நுகமோ தேர் ஆகாது என்றும், அவற்றின் கூட்டத்துக்கு வழங்கும் பெயரே தேர் என்றும் நிறுவுகிறார். நியாய வைசேடிகர் இதனை ஏற்பதில்லை. உறுப்புகளாகிய அவயவங்களுக்கு வேறாக, அவற்றில் தங்கும் முழுமையாகிய அவயவி உண்டென்றும், உறுப்பு கூடினாலோ குறைந்தாலோ பழைய அவயவி அழிந்து புதியது தோன்றுமென்றும் அவர்கள் கொள்வர். முன்னதன்படி ஹீட்டரால் கெடுவதற்கு வண்டியென ஒன்றில்லை. பின்னதன்படி ஒரு திருகாணியை மாற்றினாலும் வேறு வண்டி. இரண்டும் தருக்கத்தில் வலியவை; பட்டறையில் நிற்பவருக்கு இரண்டாலும் பயனில்லை.

சைவ சித்தாந்தம் வேறொரு வழியைத் திறக்கிறது. உடம்பாகிய தனு, மனம் முதலிய கரணம், உலகாகிய புவனம், நுகர்பொருளாகிய போகம் ஆகிய நான்கும் உயிரின்பொருட்டு மாயையிலிருந்து ஆக்கப்பட்டவை என்பது அதன் கொள்கை. சடப்பொருளின் தகுதி, அது எந்த உயிருக்கு உதவுகிறது என்பதைக் கொண்டே அளக்கப்படுகிறது. லடாக்கின் கடுங்குளிரில் விறைத்த கையுடன் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்கு வெப்பம் தரும் உறுப்பு, கருவியின் நோக்கத்தை நிறைவு செய்கிறதேயன்றிக் குலைக்கவில்லை. ஆனால் பழைய வண்டி கருவி மட்டுமன்று. தன்னைச் செய்தவர்களின் தொழில்நுட்பத்துக்கும், அதில் குளிரைத் தாங்கிச் சென்றவர்களின் பாட்டுக்கும் அது சான்று. சான்றில் கலப்படம் செய்தால் பின்வரும் தலைமுறையின் அறிவு கெடும், அவர்களும் உயிர்களே.

இந்த இரட்டை நிலையை ஆண்டிமடத்துக்குத் தெற்கே, ஜெயங்கொண்டத்தை அடுத்துள்ள கங்கைகொண்ட சோழபுரத்தில் காணலாம். அங்கே முதலாம் இராசேந்திரன் எடுத்த கோயில், பூசை நடக்கும் தலமாகவும், 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த நினைவுச்சின்னமாகவும் ஒருங்கே விளங்குகிறது. பொதுவாகத் திருப்பணியின்போது இறையாற்றலைக் குடத்திலோ படத்திலோ எழுந்தருளச் செய்து, பாலாலயம் என்னும் சிற்றாலயத்தில் வழிபடுவதும், பணி முடிந்தபின் குடமுழுக்கால் அதனைத் திரும்பச் சேர்ப்பதும் ஆகம மரபு. கட்டடம் பழுது பார்க்கப்படலாம், வழிபாட்டின் தொடர்ச்சி அறுபடலாகாது என்பது அதன் உட்கிடை. இதற்கு நேர்மாறாக, 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட இக்கோயிலின் மதில் கற்கள் பெயர்த்துச் செல்லப்பட்டன. கல் பயன்பட்டது, சான்று அழிந்தது. பயனை மட்டும் அளவுகோலாகக் கொள்வோர் இதற்கு என்ன விடை தருவர்?

பழைய ஊர்திகளுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பாகிய ஃபீவாவின் டுரின் சாசனமும் இதே இடத்துக்கே வந்து சேர்கிறது: பிற்காலச் சேர்க்கை கண்ணை உறுத்தலாகாது, திரும்பக் கழற்றத்தக்கதாதல் நல்லது, நீக்கிய பழைய உறுப்புகள் வண்டியோடு இருத்தல் வேண்டும். ஆகவே, குளிர்நாட்டில் ஓடும் வண்டியில் ஹீட்டர் வைப்பது முறையே; தகட்டில் ஏற்கெனவே உள்ள துளைகளைப் பயன்படுத்துவதோ, மாற்றுத் தகடு அடித்துப் பொருத்திப் பழையதைப் பேணுவதோ அதனினும் முறை; புதிய ஹீட்டருக்குப் பழைய படைச்சாயம் பூசி அக்காலத்ததுபோலக் காட்டுவது பொய். முந்திரித் தோப்பும் செம்மண்ணுமாக மார்கழியிலும் உறைபனி காணாத ஆண்டிமடத்துச் சாலையில் அதே வண்டி ஓடுமாயின், அங்கே ஹீட்டருக்காக ஒரு துளை போடுவதற்கும் நியாயமில்லை.