கோல்கீப்பரின் ஐந்து கிலோமீட்டர்

கோல் போட்ட ஆட்டக்காரர் சட்டையைக் கழற்றி வீசும்போது உள்ளே ஒரு கறுப்பு பனியன் தெரியும். மாமாக் கடையில் ஆட்டம் பார்ப்பவர்கள் அதைக் கிண்டலடிப்பது வழக்கம். அந்தப் பனியனின் முதுகில், இரு தோள்பட்டைகளுக்கு நடுவே, தீப்பெட்டி அளவில் ஒரு கருவி இருக்கிறது. அவர் எவ்வளவு தூரம் ஓடினார், எத்தனை முறை பாய்ந்தார், எத்தனை முறை சடாரென நின்று திரும்பினார் என எல்லாமே அதில் பதிவாகும். 2015-இலிருந்து போட்டிகளிலும் இதை அணிய அனுமதி உண்டு.

இந்த எண்களின் தொகுப்பை 'லோட்' என்கிறார்கள். பளு. அதில் எனக்குப் பிரச்சினை இல்லை. தசைநார் கிழிவதற்கு முன்னால் ஒருவரை உட்கார வைக்க அது உதவினால் நல்லதுதான். 'இன்னும் ஓடுடா' என்று கத்துவது மட்டுமே அறிவியலாக இருந்த காலத்துக்கு யாரும் ஏங்க வேண்டியதில்லை. ஆனால் பளு என்ற சொல் மெல்ல நகர்ந்து 'அழுத்தம்' என்ற சொல்லின் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது. அங்கேதான் இடிக்கிறது.

கோல்கீப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆட்டத்தில் மற்றவர்கள் பத்து, பதினொரு கிலோமீட்டர் ஓடும்போது அவர் ஐந்தைத் தொட்டாலே அதிகம். கருவியின் கணக்குப்படி களத்திலேயே சொகுசான ஆள் அவர்தான். ஜெர்மனியின் ஹனோவர் அணிக்கு ஆடிய ராபர்ட் என்கே 2009 நவம்பர் 8-ஆம் தேதி ஹம்பர்க் அணிக்கு எதிராக முழு ஆட்டமும் நின்றார். இரண்டு நாள் கழித்துத் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 32. பல ஆண்டுகளாக மனச்சோர்வோடு இருந்தார் என்பதை மறுநாள் அவர் மனைவி சொல்லித்தான் உலகம் தெரிந்துகொண்டது. விஷயம் வெளியே தெரிந்தால் தத்தெடுத்த குழந்தையைப் பறித்துவிடுவார்களோ என்று அவர் பயந்திருக்கிறார்.

பேர் மெர்டசாக்கர் கதை வேறு. 2006 உலகக் கிண்ண அரையிறுதியில் இத்தாலியிடம் தோற்றபோது, ஏமாற்றத்தைவிட 'அப்பாடா, முடிஞ்சது' என்ற நிம்மதிதான் தனக்குப் பெரிதாக இருந்தது என 2018-இல் ஒரு பேட்டியில் சொன்னார். ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் குமட்டிக்கொண்டு வருமாம். அதைச் சொல்ல அவருக்குப் பன்னிரண்டு வருடம் பிடித்தது. ஓய்வுபெறப் போகிற நேரத்தில்தான் சொன்னார்.

சரி, அப்படியானால் இன்னும் நல்ல கருவியை மாட்டலாமே? தூக்கத்தையும் இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கத்தையும் அளந்து பதற்றத்தை முன்கூட்டியே பிடிக்கலாமே? கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் என்கே தன் நோயை மறைத்தது கருவி இல்லாததாலா? தெரிந்துகொள்பவர்களின் கையில் தன் வாழ்க்கை இருந்ததால் மறைத்தார். கருவி அந்தப் பயத்தைத் தீர்க்காது. மறைக்க இருந்த கடைசி இடத்தையும் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

2022-இல் ஃபிஃபாவும் ஆட்டக்காரர்களின் உலகச் சங்கமான ஃபிஃப்ப்ரோவும் தரவு உரிமைச் சாசனம் ஒன்றை வெளியிட்டன. ஆட்டக்காரர் தன் தரவைப் பார்க்கலாம், கட்டுப்படுத்தலாம், அழிக்கச் சொல்லலாம். நல்ல சாசனம். ஆனால் ஒரு வருட ஒப்பந்தத்தில் இருக்கும் பத்தொன்பது வயதுப் பையன் 'நான் பனியன் போடமாட்டேன் கோச்' என்று சொல்வதை நினைத்துப் பாருங்கள். சம்மதம் என்பதற்கு முதலில் மறுக்கும் வசதி வேண்டும்.

இத்தனைக்கும் நடுவே ஒரு பழைய முறை இன்னும் உயிரோடு இருக்கிறது. பயிற்சி முடிந்ததும் 'இன்னைக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு, பத்துக்கு எத்தனை?' என்று கேட்பது. அந்த எண்ணைப் பயிற்சி நடந்த நிமிடங்களால் பெருக்கினால் பளு கிடைத்துவிடும். செலவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், ஆட்டக்காரர் வாயால் சொல்லும் இத்தகைய பதில்கள் பல நேரம் கருவிகளைவிடச் சோர்வைச் சரியாகக் காட்டுவதாக ஆய்வுகளே சொல்கின்றன.

ஆனால் அதிலும் பொய் சொல்லலாம். எட்டு என்றால் சனிக்கிழமை பெஞ்சில் உட்கார வைப்பார்கள் என்று தெரிந்தவன் ஐந்து என்பான். அந்த ஐந்தைத் திருத்த இன்னொரு கருவி வாங்குவதா, அல்லது எட்டு என்று சொன்னவனும் அடுத்த வாரம் ஆட முடியும் என்று அணியில் ஒருமுறையாவது நடத்திக் காட்டுவதா? இரண்டாவதற்குத்தான் கிளப்புகள் தயங்குகின்றன.